முன்பக்கம் ஆண், பின்பக்கம் பெண்

மேகம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் உயரத்தில் ஒரு மலை. அந்த மலையில் வட்டச்சோலை என்றொரு காடு. காட்டின் ஓரத்தில் வனத்துறையின் பழைய ஓய்வு விடுதி. அந்த விடுதியின் ஒற்றை அறையில், ஜன்னலோரத்து மேசைமேல், மூன்று பேர் குடியிருந்தார்கள். ஒருவர் நோட்டு, ஒருவர் ரெக்கார்டர், ஒருவர் பைனாகுலர்.

ரெக்கார்டருக்குக் காது உண்டு, கண் இல்லை. பைனாகுலருக்குக் கண் உண்டு, காது இல்லை. நோட்டுக்குக் காட்டைக் காணவும் தெரியாது, கேட்கவும் தெரியாது. ஆனாலும் மற்ற இருவரும் அதற்குத்தான் அடங்கி நடந்தார்கள். அவர்கள் கேட்டதும் கண்டதும் நோட்டில் ஏறினால்தான் நடந்ததாக அர்த்தம். ஏறாவிட்டால் அது நடக்கவே இல்லை.

மூவருக்கும் சொந்தக்காரி மரியபுஷ்பம். கீழே ஊரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. முப்பத்தொரு வருஷமாக ஒரே ஒரு பறவையின் பின்னால் நடந்தவள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாம்பல் நிறப் பறவை அது. புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. மலையில் அதைச் சீட்டிக்குருவி என்பார்கள்.

சீட்டிக்குருவியில் ஆணும் பெண்ணும் ஒரே அச்சு. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் மரியபுஷ்பத்தின் கைடு, அதாவது அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர், முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார். பாடினால் ஆண், அடைகாத்தால் பெண். எழுதும் முறையையும் அவரே சொன்னார்: ஆணுக்கு நோட்டின் முன்பக்கம். பெண்ணுக்கு, நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து. வாரத்துக்கு ஓர் இதழ். இப்படி எழுதினால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது.

குழம்பவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு நோட்டு. முப்பது நோட்டுகள் எழுதி முடித்துக் கல்லூரி அலமாரியில் தூங்கின. மேசைமேல் இருந்தது முப்பத்தொன்றாவது. நடுவில் மடித்து நூலால் தைத்த ஒல்லியான நோட்டு. ஒரு தாள்கூட உதிராத குடும்பத்தில் பிறந்தது என்று அதற்குப் பெருமை.

அந்த வருஷ மே மாதக் கடைசியோடு மரியபுஷ்பம் ஓய்வு பெறுகிறாள். அதற்குமேல் இந்தக் காட்டுக்கு வர யாரும் இல்லை. இந்த நேரத்தில்தான் வனத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. வட்டச்சோலையில் எத்தனை ஆண் பறவைகள் இருக்கின்றன என்று கேட்டிருந்தார்கள். குறைவாக இருந்தால் பக்கத்துக் கரடிமலையிலிருந்து சிலவற்றைப் பிடித்துவந்து விடலாம். போதுமான அளவு இருந்தால் ஃபைலை மூடிவிடலாம். நாளைக் காலை ஜீப் வரும். அதில் படிவத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. மூவரும் மேசைமேல் சும்மா கிடந்தார்கள்.

"பதினொன்று," என்றது நோட்டு. "பதினோரு ஆண். இந்தச் சின்னக் காட்டுக்கு அது தாராளம்."

"பதினோரு குரல்," என்றது ரெக்கார்டர்.

"இரண்டும் ஒன்றுதான்."

"ஒன்றா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கண்ணில்லை. ஆனால் இந்தக் காட்டில் முன்பெல்லாம் பாட்டு இரண்டு விதமாக முடியும். ஒன்று படியிறங்குகிற மாதிரி கீழே வந்து முடியும். அதுதான் அதிகம். இன்னொன்று கடைசியில் மேலே ஏறி நின்றுவிடும், யாரையோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி. அது எப்போதாவது ஒன்று. இப்போது நாலு வருஷமாக எதுவுமே இறங்குவதில்லை. எல்லாம் ஏறித்தான் நிற்கிறது. கரடிமலைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனாளே, அங்கே இன்னும் இரண்டும் கேட்கிறது."

"சரி, கேட்கிறது. அதை நான் எந்தக் கட்டத்தில் போட?"

"கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாயே."

"அது ஒரு விரல் அகலம். 'மழை' என்று எழுதலாம். 'மூடுபனி' என்று எழுதினாலே பனி வெளியே போய்விடுகிறது. உன் படிக்கட்டுக்கெல்லாம் அங்கே இடமில்லை."

பைனாகுலர் இரண்டு கண்ணாலும் சிரித்தது. "அவன் சொல்வதை விடு. நான் சொன்னதை எங்கே வைத்தாய்? சிவப்பு–மஞ்சளை?"

சீட்டிக்குருவிகளின் காலில் மரியபுஷ்பம் முன்பு வண்ண வளையங்கள் மாட்டியிருந்தாள். எது எது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே. சிவப்பும் மஞ்சளும் போட்டது, நாலாம் கூட்டில் அடைகாக்கும் பெண்.

"அந்தச் சிவப்பு–மஞ்சளை நான் பாடுகிற கிளையில் காட்டினேன்," என்றது பைனாகுலர். "வாயைத் திறந்து, தொண்டை துடிக்க, நன்றாகக் காட்டினேன். ஒருமுறை இல்லை, ஒன்பது முறை."

"தெரியும். ஒன்பது அடித்தல் என் மேல் இருக்கிறது. ஒன்பது முறையும் சிவப்பு என்று எழுதிவிட்டு, பிறகு யோசித்து, அதை அடித்து ஆரஞ்சு என்று மாற்றினாள். பாடுவது ஆணாகத்தானே இருக்க வேண்டும்? ஆரஞ்சு–மஞ்சள் ஆண். மழையில் நனைந்தால் ஆரஞ்சு வளையம் சிவப்பு மாதிரித் தெரியும்."

"ஆரஞ்சு–மஞ்சளை நான் கடைசியாகப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. அந்த வருஷத்து ஆலங்கட்டி மழைக்கு முன்னால் பார்த்தது."

"அடித்தது என்னுடையது இல்லை," என்றது நோட்டு. "எழுதி நின்றதுதான் என்னுடையது."

ஆனால் மரியபுஷ்பம் பென்சிலை அழுத்தி அடிக்கிற வழக்கம் உள்ளவள். அந்த ஒன்பது கோடுகளும் தாளின் மறுபுறத்தில் தழும்பு போல எழும்பி நின்றன. அதை நோட்டு யாரிடமும் சொன்னதில்லை.

கதவு திறந்தது. மரியபுஷ்பம் நனைந்த மழைக்கோட்டோடு உள்ளே வந்தாள். பின்னாலேயே சடையாண்டி. காட்டைக் காவல் காக்கும் வனக்காவலர். பதினெட்டு வருஷமாக இவளோடு நடக்கிறவர். காலையில் இவள் பைனாகுலரோடு மேட்டுக்குப் போவாள். ரெக்கார்டர் கூட்டுக்குப் பக்கத்து மரத்தில் கட்டப்பட்டுத் தன்பாட்டுக்கு ஓடும். சடையாண்டி சாக்குத்துணி மறைப்புக்குப் பின்னால் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, பறவை கூட்டை விட்டு எழுந்த நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் சீட்டில் குறிப்பார். பாட்டின் நேரம் அன்றன்று மாலை முன்பக்கத்தில் ஏறும். சடையாண்டியின் சீட்டுகள் சனிக்கிழமை மொத்தமாகப் பின்பக்கத்தில் ஏறும்.

அவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தார். பஞ்சுக்குள் ஒரு முட்டை, புள்ளி விழுந்த வெளிர்நீலம்.

"எத்தனை நாள் ஆச்சு?" என்றாள் மரியபுஷ்பம்.

"இருபத்தாறு, டீச்சர். பதினாலு நாள்ல பொரிக்க வேண்டியது. இன்னிக்குக் காலைல அதுவா எந்திரிச்சுப் போயிருச்சு. திரும்பியே பாக்கல."

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச் விளக்கின் முகத்தில் முட்டையை வைத்துப் பார்த்தாள். உள்ளே தேன் நிறத்தில் ஒரே சீரான வெளிச்சம். ஒரு நரம்பு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"கூமுட்டை," என்றார் சடையாண்டி.

"ம்."

"பனியா டீச்சர்?"

"பனின்னா வளர ஆரம்பிச்சுப் பாதில நின்னிருக்கும். இது ஆரம்பிக்கவே இல்ல."

"போன வருசம் ஓடு மெலிசுன்னீங்க. அதுக்கு முந்தி சுண்ணாம்புச் சத்து பத்தலைன்னீங்க. அதுக்கு முந்தி ஏதோ பூச்சிமருந்து." அவர் தொப்பியைக் கழற்றி உதறினார். "பந்தல் சரியில்ல, சாப்பாடு சரியில்ல, சமையக்காரன் சரியில்லன்னு வருசத்துக்கு ஒண்ணு சொல்றீங்க. மாப்பிள்ளையப் பத்தி மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க."

மரியபுஷ்பம் சிரித்துவிட்டாள். "மாப்பிள்ளைக்கு என்ன குறை? விடிஞ்சா விடாமப் பாடுறாரு."

அவளுக்கு அந்தப் பாட்டின் மேல் மரியாதை அதிகம். அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். ஆணின் பாட்டைக் கேட்டால்தான் பெண்ணின் வயிற்றுக்குள் முட்டை முதிரும். கேட்காத பெண்ணுக்கு முதிராது. இதை அவள் சின்ன வயதில், பறவையின் ஒரு சொட்டு இரத்தத்திலிருந்தும் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்த மயிரிழைத் திசுவிலிருந்தும் கண்டுபிடித்தாள். வெளியே பாடும் ஒரு குரல் உள்ளே ஓர் உயிருக்கு இடம் செய்கிறது என்பது அவளுக்கு இன்றைக்கும் அதிசயம்தான். இப்போது நாலு வருஷமாக வலை விரிப்பதில்லை. இருப்பதே கொஞ்சம், கையில் பிடித்து ஒன்று போய்விட்டால் தாங்காது என்று விட்டுவிட்டாள்.

முட்டையை ஒரு காலி மாத்திரை டப்பாவில் பஞ்சோடு வைத்து, டப்பாவை நோட்டின் மேலேயே வைத்தாள். படிவத்தை எடுத்தாள். ஆண்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் பென்சிலால் லேசாகப் பதினொன்று என்று போட்டாள்.

"டீ குடிச்சிட்டு வந்து பேனாவுல எழுதிடுறேன்," என்றாள். "குளிர்ல விரல் விறைச்சுப் போச்சு."

இருவரும் சமையற்கட்டுக்குப் போனார்கள்.

அறையில் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. அப்போது டப்பாவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய, அவசரமில்லாத குரல்.

"உன் மேல் படுத்திருப்பது பாரமாக இருக்கிறதா?"

"இல்லை," என்றது நோட்டு. "நீ ஒன்றும் கனக்கவில்லை."

"எனக்குள் யாரும் இல்லை. அதனால் இருக்கும்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்த நோட்டு, தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. "உன் அப்பா நன்றாகப் பாடினார். எல்லாம் என்னிடம் இருக்கிறது. நிமிஷத்தோடு."

"யார் பாடினார்?"

"உன் அப்பா. அவர் பாடுவார், உன் அம்மா உன்மேல் உட்கார்ந்திருப்பாள்."

"எனக்குக் கண் கிடையாது, காது இருந்ததா என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சூடும் குளிரும்தான். காலையில் சூடு எழுந்து போகும். நான் குளிர்வேன். குளிரும்போது ஓடு மெல்ல அதிரும். அதைத்தான் பாட்டு என்கிறாய் போலிருக்கிறது. அதிர்வு நிற்கும். நின்ற கையோடு சூடு திரும்பி வரும். இருபத்தாறு நாளும் இப்படித்தான். நான் சூடாக இருந்தபோது ஓடு ஒருநாளும் அதிரவில்லை."

"இருக்காது," என்றது நோட்டு.

"இன்னொன்று. என்மேல் வந்தது ஒரே ஒரு பாரம்தான். இரண்டாவது ஒருவர் கூட்டுப் பக்கம் வந்ததாகவே எனக்குத் தெரியவில்லை."

பைனாகுலர் இந்தமுறை சிரிக்கவில்லை.

நோட்டு தனக்குள்ளேயே புரண்டது. அது தன் முன்பக்கத்தைத் தன் பின்பக்கத்தோடு சேர்த்து ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய வேலை அதற்கு இல்லை. முன்பக்கம் ஒரு திசையைப் பார்த்து நின்றது, பின்பக்கம் தலைகீழாக. இப்போது முதல்முறையாக, ஆறாம் வாரத்தை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தொட்டுப் பார்த்தது. நாலாம் கூட்டுக்கு மேலே பாட்டு, ஆறு பத்து முதல் ஆறு பதினெட்டு. நாலாம் கூட்டில் பெண் எழுந்தது ஆறு பத்து, திரும்பியது ஆறு பத்தொன்பது. ஆறு முப்பத்தைந்து, ஆறு முப்பத்தைந்து. ஏழு இரண்டு, ஏழு இரண்டு.

எந்த இடத்திலும் பிசகவில்லை.

"தெரிந்துவிட்டதா?" என்றது பைனாகுலர்.

"தெரிந்துவிட்டது."

"அப்புறம் என்ன? சொல்லிவிடு."

"எப்படிச் சொல்வேன்? சொன்னால் நான் யார்?" நோட்டின் குரல் தாழ்ந்தது. "என் முன்பக்கம் முழுக்க ஆண் என்று எழுதியிருக்கிறது. அலமாரியில் இருக்கிற முப்பது பேர் மேலும் அதேதான் எழுதியிருக்கிறது. அதில் எது ஆண், எது பெண் என்று இனி யார் பிரிப்பது? முப்பத்தொரு பேரும் தப்பு என்றால் அவள் வாழ்ந்ததற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது?"

முட்டைதான் பேசியது.

"நான் காலி. நாளைக்கு உடைத்துப் பார்த்தாலும் காலிதான். ஆனாலும் அவள் என்மேல் உட்கார்ந்தது பொய்யில்லை. இருபத்தாறு நாளும் மழையில் தன் முதுகை நனையவிட்டு என்னை நனையாமல் வைத்திருந்தாள். நீயும் பொய் எழுதவில்லை. நேரத்தையெல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறாய். யாருடைய நேரம் என்பதுதான் மாறிப்போயிருக்கிறது."

சமையற்கட்டில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. படிவத்தில் பென்சில் பதினொன்று வெளிறிக் கிடந்தது. பேனா அதன் பக்கத்திலேயே மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"இந்தப் பதினொன்றுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது," என்றது ரெக்கார்டர். "சிலவற்றின் குரலில் இப்போதே மூச்சு வாங்குகிறது. ஃபைலை மூடிவிட்டால் இன்னும் மூன்று வருஷம். அப்புறம் இங்கே யாரும் என்னை மரத்தில் கட்ட வேண்டியிருக்காது."

நடுவில் மடித்துத் தைத்த நோட்டில் ஒரு விசித்திரம் உண்டு. முன்னாலிருந்து ஆறாவது இதழும் பின்னாலிருந்து ஆறாவது இதழும் வேறுவேறு தாள் இல்லை. ஒரே தாளின் இரண்டு பாதிகள். தையல் பிடித்திருக்கும்வரை அவை ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காது. இது நோட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நோட்டு தன் நடுநூலை உணர்ந்தது. கடையில் தைத்த நாளிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த நூல். மழைக்காற்றின் ஈரத்தில் ஏற்கனவே கொஞ்சம் ஊறியிருந்தது. நோட்டு அதை, முடிச்சு இருந்த இடத்தில், விட்டுக்கொடுத்தது.

மரியபுஷ்பம் டீயோடு வந்து உட்கார்ந்தாள். மாத்திரை டப்பாவை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, எண்ணிக்கையைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க நோட்டைத் தூக்கினாள். ஒரு தாள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, படிவத்தின் மேல் முழுசாக விரிந்து விழுந்தது.

"தையல் போச்சு," என்றாள். "இது எப்பவும் ஆனதில்லையே."

சடையாண்டி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தார். "ஒரு பாதி நேரா இருக்கு, ஒரு பாதி தலைகீழா இருக்கு டீச்சர்." தாளைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். "இது என் சீட்டுல இருந்து எழுதுனதுதானே? நாலாங்கூடு. ஆறு பத்து எந்திரிச்சுது, ஆறு பத்தொம்பது திரும்புச்சு."

"ஆமா. அது பின்பக்கம்."

"சரி. அதையே இன்னொரு தடவை இந்தப் பாதிலயும் எதுக்கு எழுதிருக்கீங்க?"

"அது உங்க நேரம் இல்ல சடையாண்டி. அது பாட்டு நேரம். ரெக்கார்டர்ல கேட்டு எழுதுனது."

"இல்லையே டீச்சர்." அவர் விரலை வைத்து வாசித்தார். "ஆறு பத்து. ஆறு முப்பத்தஞ்சு. ஏழு ரெண்டு. ஏழு ரெண்டு நல்லா ஞாபகம் இருக்கு, அட்டை ஒண்ணு கழுத்துல ஏறிருச்சு அன்னிக்கு. எல்லாம் என் நேரம்தான். மறதியா ரெண்டு தடவ எழுதிட்டீங்க."

மரியபுஷ்பம் தாளை வாங்கினாள். நேராகப் பிடித்தாள். தலைகீழாகப் பிடித்தாள். பிறகு மேசையில் வைத்து, ஒரு விரலை இந்தப் பாதியிலும் ஒரு விரலை அந்தப் பாதியிலும் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கடைசி வரி வரை விரல்கள் ஒன்றாகவே போயின.

டீ ஆறி ஆடை கட்டியது.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கார்டரை ஓடவிட்டாள். ரெக்கார்டர் தன்னிடம் இருந்ததை எல்லாம், ஒன்றும் மறைக்காமல், மெல்லப் பாடிக் காட்டியது. நாலு வருஷத்துக்கு முந்தையது. பிறகு இந்த வருஷத்தது. மறுபடி அது. மறுபடி இது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஹெட்போனைக் கழற்றியபோது முகம் வெறுமையாக இருந்தது.

"நான் மறந்துபோய் ரெண்டு தடவ எழுதலை," என்றாள். "எந்திரிச்சுப் போய்ப் பாடினதும் அதுதான். திரும்பி வந்து உக்காந்ததும் அதுதான்."

சடையாண்டிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "பொட்டையா பாடுது?"

"ம்."

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும் ஒரே மாதிரிதான் முடிக்குது."

"அப்ப மாப்பிள்ளை?"

"அந்த ஆலங்கட்டி மழை விடியக்காலைல வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பாடிக்கிட்டிருந்தது எல்லாம் உச்சாணிக் கிளைல இருந்திருக்கும். அடைகாத்ததெல்லாம் புதருக்குள்ள இருந்திருக்கும்." அவள் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். "அதுக்கப்புறம் கிளைல யாரும் இல்ல. இதுகளே ஏறிப் பாட ஆரம்பிச்சிருக்கு. தன் பாட்டைத் தானே கேட்டு, தன் வயித்துல தானே முட்டையை முதிரவச்சு, இட்டு, அடைகாத்து..."

சடையாண்டி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாலு வருசமா," என்றார்.

மரியபுஷ்பம் வராந்தாவுக்குப் போனாள். அங்கே கிழக்குத் தூணின் ஓரத்தில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். நோட்டையும் தாளையும் கையிலேயே கொண்டுபோனாள். கைடுக்குப் போன் போட்டாள். அவருக்கு எண்பத்தாறு வயது. மகன் வீட்டில் இருக்கிறார். அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் பதினேழு. பதினேழுக்கும் காட்டில் நின்றது அவள். முதலில் நின்றது அவர் பெயர்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "வளையம் நனைஞ்சிருக்கும்மா," என்றார்.

"வளையத்தை வச்சுச் சொல்லலை சார். நேரத்தை வச்சுச் சொல்றேன்."

"ஒரு வாரத்துத் தாள். அதை வச்சு முப்பத்தொரு வருஷத்தை அவுக்கப் போறியா? நீ கண்டுபிடிச்சது பாட்டுக்கும் முட்டைக்கும் உள்ள தொடர்பு. ஊர் ஊரா அதைச் சொல்லிக்கொடுக்கிறாங்க."

"தொடர்பு சரிதான் சார். பாடினது யாருங்கிறதை நான் பாக்கவே இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் கால்நடையாக இந்த மலை ஏறியவர். "நீ ரிட்டயர் ஆகிற நேரம் புஷ்பம்," என்றார் தணிந்து. "பதினொண்ணுன்னு போட்டுட்டுக் கௌரவமா இறங்கி வா. மத்ததை அடுத்து வர்றவங்க பாத்துக்குவாங்க."

"அடுத்து யாரும் வரலை சார்."

அவர் இருமினார்.

"உடம்பைப் பாத்துக்கோங்க சார்," என்று போனை வைத்தாள்.

மேசைக்குத் திரும்பியதும் ரப்பரால் பென்சில் எண்ணை அழித்தாள். நோட்டு கண்ணை மூடிக்கொண்டது போல அசையாமல் இருந்தது. அடுத்து ரப்பர் தன்மேல் வரும் என்று நினைத்தது. வரவில்லை. அவள் பேனாவால் படிவத்தில் ஆண்கள் பூஜ்யம் என்று எழுதினாள். அதற்குக் கீழே, பாடுகிறவை பதினொன்று என்று எழுதினாள். அவிழ்ந்த தாளைப் படிவத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினாள்.

பிறகு பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, மிச்சத் தாள்களை மடிப்பில் தைத்தாள். நோட்டு இப்போது கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. அதன் முதல் பக்கத்தில், ஆண் என்ற தலைப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். அழுத்தாமல் போட்டாள்.

"தாள் உதிர்ந்துவிட்டது, நம் குடும்பத்துக்கே அவமானம்," என்றது நோட்டு, அவள் விளக்கை எடுத்துக்கொண்டு போன பிறகு. ஆனால் குரலில் அவமானம் இல்லை. உடம்பு லேசானவர்கள் பேசுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் ஜீப் வந்து படிவத்தை வாங்கிக்கொண்டு போனது. மூன்று நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் காலை, வராந்தாவில் அவள் நோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்க்கும் இளைஞன். புதிதாகச் சேர்ந்தவன் போலிருக்கிறது. தயங்கித் தயங்கிப் பேசினான்.

"மேடம், வட்டச்சோலை ஃபார்ம்ல ஆண் பூஜ்யம்னு இருக்கு. கைத்தவறுதலான்னு கேக்கச் சொன்னாங்க."

"இல்லை. பூஜ்யம்தான்."

"அப்ப கரடிமலையில இருந்து கொண்டுவர்றதுக்கு எழுதிரட்டுமா?"

"அதுக்குத்தான் அனுப்பியிருக்கேன். மழைக்காலத்துக்கு முன்னாடி முடியுமான்னு கேளுங்க. இதுகளுக்கு வயசாகுது."

"சரி மேடம்." அவன் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "மேடம், எனக்கு இதெல்லாம் தெரியாது, தப்பா நினைக்காதீங்க. கீழ பாடுறது பதினொண்ணுன்னு இருக்கே. ஆணே இல்லைன்னா பாடுறது யாரு?"

மரியபுஷ்பம் தொடைமேல் இருந்த நோட்டை மூடினாள்.

"என் வாழ்க்கையில இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான் தம்பி," என்றாள்.